மாநகராட்சி சட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நிலை வழக்கறிஞர்களை வைத்து சிவில் வழக்குகளை நடத்துவது எப்படி?

மாநகராட்சியிலோ நகராட்சியிலோ சட்டப் பிரிவுப் பொறுப்பு கைக்கு வந்தால், கோர்ட்டில் வாதாடப் போவது நீங்கள் இல்லை. முன்சீப் கோர்ட்டுக்கு ஒருவர், சார்பு நீதிமன்றத்துக்கு ஒருவர், உயர் நீதிமன்றத்துக்குச் சிலர் என்று நிலை வழக்கறிஞர்கள், அதாவது எல்லோரும் ஸ்டாண்டிங் கவுன்சில் என்று சொல்கிறவர்கள், ஏற்கெனவே இருப்பார்கள். பலர் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், அவர்களுக்குச் சொந்த ஆபீஸும் வேறு கட்சிக்காரர்களும் உண்டு, உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் ஊழியர்கள் கிடையாது. இவர்களை நான் எப்படி மேற்பார்வை செய்வது என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும்.

தோற்றுப்போன பழைய வழக்குக் கட்டுகள் சிலவற்றை எடுத்துப் படியுங்கள், தயக்கம் குறையும். வக்கீலின் வாதம் சரியில்லாமல் போனதைவிட, சம்மன் வந்து மேசையில் கிடந்தது, கேட்ட ஆவணம் போகவில்லை, சாட்சி சொல்ல வேண்டியவர் மாறுதலில் போய்விட்டார் என்பதுதான் அதிகம் கண்ணில் படும். அதனால் இந்த வேலையில் பாதி வக்கீலைக் கவனிப்பது, மீதிப் பாதி நம் ஆபீஸையே கவனிப்பது. ஒரு வழக்கில் வக்கீலைக் குறை சொல்லும் முன் அவருக்கு நாம் என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று கோப்பைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கணக்கெடுப்பு

உங்கள் பிரிவின் வழக்குப் பதிவேடு முழுமையாக இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயர் வைத்துத் தேடுங்கள். ஆணையர், மாநகராட்சி, நகராட்சி, ஊரின் பெயர் என்று எல்லா வகையிலும், ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படியெல்லாம் மாறுமோ அப்படியெல்லாம் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் (அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்) உண்டு, அதைக் குறித்துக்கொண்டால் பிறகு செல்பேசியிலேயே அடுத்த தேதி பார்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு வக்கீலிடமும் அவர் டைரிப்படி ஒரு பட்டியல் கேளுங்கள். பதிவேடு, இணையதளம், டைரி மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத வழக்குகள்தான் உங்கள் முதல் மாத வேலை: பழைய வக்கீல் காலமாகி வக்காலத்து (வக்கீலுக்கு நாம் தரும் அதிகாரப் பத்திரம்) மாற்றாமல் கிடப்பவை, நாம் ஆஜராகாததால் நம்மை எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆக்கிவிட்ட பிறகும் யாருக்கும் தெரியாமல் ஓடுகிறவை, தீர்ப்பாகி நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) வரை போய்விட்டவை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். தாண்டியிருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் சர்வே எண்ணுக்கு ஒரு தனிக் கட்டம் வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே இடத்துக்கு அப்பா பெயரில் ஒரு வழக்கும் மருமகன் பெயரில் இன்னொரு வழக்கும் வேறு வேறு கோர்ட்டில் இருக்கும், ஒன்றில் நம் நகரமைப்புப் பிரிவு அது பொதுப்பாதை என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் வருவாய்ப் பிரிவு அதே இடத்துக்கு வரி போட்டோம் என்று ஒப்புக்கொண்டிருக்கும். இரண்டும் இரண்டு வக்கீல்களிடம் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் தெரியவே தெரியாது. சர்வே எண் வைத்து வரிசைப்படுத்தினால் இந்த முரண்பாடு ஒரே பார்வையில் வெளியே வரும், அந்த வழக்குகளையெல்லாம் ஒரே வக்கீலிடம் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

எந்தச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் குறியுங்கள். 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நோட்டீஸ்கள் சென்னைக்கு 1919 சட்டத்திலும், நகராட்சிகளுக்கு 1920 சட்டத்திலும், மதுரைக்கு 1971, கோவைக்கு 1981 சட்டங்களிலும் இருக்கும். பழைய வழக்குக்குப் புதுச் சட்டத்தின் பிரிவை எழுதி மனு போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

சம்மன் வந்த அன்றைக்கே

சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது வாதியின் பிராதுக்கு (வழக்கு மனுவுக்கு) நம் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும், காரணம் சொன்னால் 90 நாள் வரை. சாதாரண சிவில் வழக்கில் 90 தாண்டினாலும் கோர்ட் மனது வைத்து ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் கைலாஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பிக்கொண்டே பல ஆபீஸ்கள் சோம்பலாக இருக்கின்றன. ஆனால் ஒப்பந்ததாரர் பில் பாக்கி கேட்டுப் போடும் வழக்கு 3 லட்சத்துக்கு மேல் போய் வணிக வழக்காக இருந்தால் கதை வேறு: 120 நாள் முடிந்தால் எதிருரை போடும் உரிமையே போய்விடும், எந்த நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. 2019-ல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பிராது வந்ததும் முதல் கேள்வி, இது வணிக வழக்கா என்பதுதான்.

சம்மன் எப்போதும் தலைமை அலுவலகத்துக்கே வராது. மண்டல அலுவலகத்தில் யாரோ ஒரு உதவியாளர் வாங்கி, தபாலில் போட்டு, அது தன்பதிவேட்டில் (ஊழியர் தனக்கு வரும் தபாலைப் பதியும் ஏட்டில்) ஏறி, உங்கள் மேசைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். மண்டலங்கள், வார்டு அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் ஆணையர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: கோர்ட் காகிதம் எது வந்தாலும் வாங்கிய நேரத்தைக் குறித்து, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, அன்றைக்கே சட்டப் பிரிவு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், மூலக் காகிதம் மறுநாள் ஆள் மூலம் வர வேண்டும். வக்காலத்தில் ஆணையர் கையெழுத்து வாங்கி இரண்டு நாளில் வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள்.

வழக்குக்கு முன்னால் வரும் வக்கீல் நோட்டீஸையும் இதே வேகத்தில் பாருங்கள். ஆணையர் பதவிமுறையில் செய்த செயலுக்காக அவர் மீது வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவுப்படி 2 மாத அறிவிப்பு வேண்டும், அவசரம் என்று கோர்ட் அனுமதி தந்தால் தவிர. அந்த 2 மாதத்தில் தவறு நம் பக்கம் என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம், வழக்கே வராது. நோட்டீஸைக் கோப்பில் குத்தி வைப்பதற்காக அந்த அவகாசத்தைச் சட்டம் தரவில்லை.

பத்திவாரிக் குறிப்புரை

வக்கீல் எழுதும் எதிருரையின் தரம், பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாக நம் பிரிவு அனுப்பும் பத்திவாரிக் குறிப்புரையைத் தாண்டிப் போகாது. வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: “பத்தி 3-ல் கூறப்பட்டவை உண்மைக்குப் புறம்பானவை. பத்தி 4-ம் அவ்வாறே.” இதை வைத்து எந்த வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டமும் இதை ஏற்காது. பொத்தாம்பொதுவாக மறுத்தால் போதாது, ஒவ்வொரு கூற்றையும் குறிப்பிட்டு மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆவது கட்டளை சொல்கிறது.

எனவே குறிப்புரையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் நடந்தது என்ன, எந்தத் தேதி, எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம், இதை நேரில் பார்த்தவர் யார் என்று இருக்க வேண்டும். வாதி 30 வருடமாகக் குடியிருப்பதாகச் சொன்னால், நம் வரிப் பதிவேட்டில் அந்தக் கதவு எண் எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்பதுதான் பதில். இடம் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் நகரமைப்பு ஆய்வாளரோடு ஒருமுறை நேரில் போங்கள், முடிந்தால் வக்கீலையோ அவர் ஜூனியரையோ கூட்டிக்கொண்டு போங்கள். நகர நில அளவைப் பதிவேட்டையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று பார்த்த வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

நமக்கு எதிரான விஷயத்தையும் முழுசாகச் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் சார்பு செய்யவில்லை (உரியவரிடம் முறையாகச் சேர்க்கவில்லை) என்றால் செய்யவில்லை என்று சொல்லுங்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இப்போதைய சாட்சியச் சட்டத்தில் அது 132-ஆவது பிரிவு. மறைத்து வைத்த ஓட்டையை எதிர்த்தரப்பு வக்கீல் திறந்த கோர்ட்டில் காட்டும்போது நம் வக்கீல் வாய் அடைத்து நிற்பார், அடுத்த வழக்கிலும் நீதிபதி நம்மை நம்ப மாட்டார்.

வரைவு வந்ததும் நீங்களே படியுங்கள், குமாஸ்தாவிடம் விடாதீர்கள். நடை எப்படி இருக்கிறது, வாதத்தை எந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் தொழில், அதில் கை வைக்க வேண்டாம். தேதி, சர்வே எண், பதவிப் பெயர், சட்டப் பிரிவு, பிராதின் எந்தப் பத்தியாவது பதில் இல்லாமல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதே இடம் பற்றி இன்னொரு வழக்கில் நாம் சொன்னதோடு மோதுகிறதா என்பதையும் பாருங்கள், இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேறு வழக்கின் மனுவிலிருந்து வெட்டி ஒட்டியது பெயர் மாறாமல் நிற்பதும் உண்டு. திருத்தங்களை எழுத்தில் கொடுங்கள், மரியாதையாக: “சார், பத்தி 7-ல் வருடம் மட்டும் கோப்போடு ஒத்துப்போகவில்லை, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.”

தடையாணை வரும் நாள்

உள்ளாட்சி சிவில் வழக்குகளில் உண்மையான பரபரப்பு இங்கேதான். ஆக்கிரமிப்பு அகற்றப் போகிறோம், அல்லது அனுமதி மீறிய கட்டடத்துக்கு சீல் வைக்கப் போகிறோம், காலையில் ஜே.சி.பி. நிற்கிறது, மதியம் எதிர்த்தரப்பு தடையாணையோடு வருகிறது.

இதற்கான வேலையை நடவடிக்கைக்கு முன்பே தொடங்க வேண்டும். நோட்டீஸ் யாருக்கு, எந்தத் தேதியில், எந்த முறையில் சார்பு செய்யப்பட்டது, பதில் கொடுத்தாரா, பதிலைப் பரிசீலித்து உத்தரவு போட்டோமா என்று சட்டப் பிரிவு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஆள் போகட்டும். நடைபாதைவாசிகளைக்கூட அறிவிப்பும் வாய்ப்பும் தந்துதான் அகற்ற வேண்டும் என்று 1985-லேயே ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வழக்கு வரும் என்று தெரிந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட், அதாவது நம்மைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று முன்கூட்டியே தரும் மனு, போடச் சொல்லுங்கள். அது 90 நாள்தான் நிற்கும், முடிவதற்குள் புதுப்பிக்க டைரியில் குறியுங்கள்.

தடையாணை வந்துவிட்டதா, முதல் போன் களத்தில் நிற்கும் பொறியாளருக்கு. உத்தரவின் நகலையும் அப்போதே அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். “உத்தரவு இன்னும் எங்களுக்கு முறையாக வரவில்லை” என்று சொல்லிக்கொண்டு சுவரை இடித்து முடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். தடையாணையை மீறினால் சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் சட்டத்தில் இருக்கிறது, கூண்டில் நிற்கப் போவது அந்தப் பொறியாளரும் ஆணையரும்தான். எதிர்த்தரப்பில் இருப்பவரும் நம் ஊர்க்காரர், கோர்ட்டுக்குப் போனது அவர் உரிமை.

அப்புறம் வக்கீலிடம் பேசுங்கள். நம்மைக் கேட்காமல் கொடுத்த தடையாணை என்றால் அதற்கான காரணத்தை உத்தரவில் எழுதியிருக்க வேண்டும், 30 நாளில் மனுவை முடிக்கவும் கோர்ட் முயல வேண்டும். கவுண்டரும் (அந்த மனுவுக்கு நம் எதிருரையும்) தடையை நீக்கும் மனுவும் அந்த வாரமே போனால்தான் அந்த 30 நாளுக்கு அர்த்தம் உண்டு. “இருக்கும் நிலை நீடிக்கட்டும்” என்று உத்தரவானால், எந்த நிலை என்று பதிவு செய்யும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே இரண்டாவது மாடி எழும்பிவிடும். அன்றைக்கே புகைப்படம் எடுத்து வையுங்கள். செல்பேசிப் படத்தைச் சாட்சியமாகப் போட சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், 2024 ஜூலை முதல் அதில் படத்தை வைத்திருப்பவர் ஒரு பகுதியும் வல்லுநர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும். படம் எடுத்தவர் பெயரையும் கருவியையும் அப்போதே எழுதி வைத்தால் பின்னால் தேட வேண்டியதில்லை.

நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். குளம், ஏரிப் புறம்போக்கைக் காக்க வேண்டும் என்பதில் 2001-ஆம் ஆண்டின் ஹிஞ்ச் லால் திவாரி தீர்ப்பு நமக்குப் பெரிய பலம், ஆனால் அது நீர்நிலைதான் என்று காட்டும் பழைய ‘அ’ பதிவேட்டை (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேட்டை) வருவாய்த் துறையிடம் வாங்கித் தருவது நம் வேலை.

வக்கீலோடு தினசரி

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு வரி போதும்: இன்று என்ன நடந்தது, அடுத்த முறைக்கு நாம் என்ன தர வேண்டும். “வாய்தா போட்டாச்சு சார்” என்று குமாஸ்தா சொல்வதை அறிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் கேட்டு வாய்தா, ஏன்? விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. நம் பக்கம் காகிதம் தராததால் வாய்தா வாங்கியிருந்தால், எந்தப் பிரிவு தரவில்லை என்று அந்த வாரமே ஆணையர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

கோர்ட் ஹாலிலிருந்து வக்கீல் கூப்பிட்டால் எடுக்க, பதில் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். நீதிபதி கேட்கிறார், நான்கு வாரத்தில் செய்து தருவீர்களா என்று. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வக்கீல் தானாக எதையாவது சொல்லிவிடுவார். கட்சிக்காரரின் தெளிவான அனுமதி இல்லாமல் வக்கீல் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்க வழக்கில் சொன்னது. அதை எல்லா வக்கீல்களுக்கும் ஒரு கடிதமாக அனுப்பிவிடுங்கள்: உறுதிமொழி, விட்டுக்கொடுத்தல், சமரசம் மூன்றுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும், அவசரம் என்றால் செல்பேசிக் குறுஞ்செய்தியாவது வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் பாருங்கள். மூத்தவர் என்றால் அவர் ஆபீஸுக்கு நீங்கள் போவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, கட்டுகள் அங்கேதான் இருக்கும். வழக்குகளைப் பிரிக்கும்போது சாட்சி விசாரணையில் நிற்பவை ஒருவரிடமே குவியாமல் பாருங்கள். நமக்காக ஆஜரான விஷயத்தில் அவர் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஃபீஸ் பில்லைத் தாமதம் செய்யாதீர்கள்.

சாட்சி விஷயத்தில் ஒன்று. அப்போதைக்குக் கையில் கிடைக்கும் உதவியாளரை அனுப்பிவிட்டு, குறுக்கு விசாரணையில் “எனக்கு நேரடியாகத் தெரியாது” என்று அவர் பத்து முறை சொன்ன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. இடத்தை ஆய்வு செய்தவர் ஓய்வு பெற்றிருந்தாலும் தேடிப் பிடித்து அழையுங்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கோப்பைக் கொடுத்து முழுதும் படிக்க வையுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

அன்றைக்கே நகல் மனு போட வேண்டும். நகல் பெற ஆகும் நாள் காலக்கெடுவில் கழியும், ஆனால் நாம் மனு போடாமல் சும்மா இருந்த நாள் கழியாது. மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், ரிட் மேல்முறையீடு 30 நாள். வக்கீலின் கருத்துரை ஒரு வாரத்தில் வர வேண்டும், தோற்ற காரணத்தை நேராக எழுதியிருக்க வேண்டும். அரசு அலுவலகம் என்றால் கோப்பு மெதுவாகத்தான் நகரும் என்ற சமாதானம் இப்போது எடுபடாது. 2012-ல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020-ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்து வந்தபோது உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது.

எல்லாத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு வேண்டாம் என்பது என் கருத்து. தவறு நம்முடையது என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில் மக்கள் பணத்தைக் கோர்ட்டில் மேலும் செலவழிப்பதில் நியாயம் இல்லை. பராமரிக்காமல் விட்ட கட்டடம் விழுந்து உயிர் போனால் உள்ளாட்சி பொறுப்பு என்பது 1966-லேயே டெல்லி மணிக்கூண்டு வழக்கில் முடிவான விஷயம். அப்படிப்பட்ட வழக்குகளை லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகலாம், வாதி கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவரும் யோசிப்பார். ஆனால் தொகைக்கு முன்கூட்டியே உரிய அதிகாரியின் ஒப்புதல், தேவைப்பட்டால் மன்றத் தீர்மானம் வாங்கிக்கொண்டு போங்கள், லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தக் காரணத்தையும் கோப்பில் எழுதுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

உயர் நீதிமன்றத்திலிருந்து அடிக்கடி வருவது “மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து உத்தரவிடுக” என்பது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், அவமதிப்பு வழக்குகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. இதற்கென்றே தனிப் பட்டியல் வைத்து, கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே சம்பந்தப்பட்ட பிரிவை நெருக்குங்கள். முடியாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே கால நீட்டிப்பு மனு போக வேண்டும். பணம் கட்ட வேண்டிய தீர்ப்புகளையும் இதே பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் நிறைவேற்று மனுவில் அமீனா (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) வந்து ஆணையரின் காரையே ஜப்தி செய்வார்.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால்

திரும்பத் திரும்ப ஆஜராகாமல் இருக்கிறார், அறிக்கை தருவதில்லை, எழுத்தில் கேட்டும் பதில் இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். முதலில் ஒரு கடிதம், பிறகு ஆணையரோடு நேரில் ஒரு சந்திப்பு, அதற்கும் மாறாவிட்டால் கோப்பு வைத்து முடிவெடுங்கள். ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, வழக்குக் கட்டுகளைப் பட்டியல் போட்டுப் பெறுங்கள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பு உண்டு. அவர் பாக்கியை நாம் தீர்த்துவிட்டால் அந்தப் பேச்சே வராது. கையில் வந்த கட்டுகளில் எதற்கு அடுத்த தேதி முதலில் வருகிறதோ அதைத் தனியே எடுத்து, புது வக்கீலின் வக்காலத்தை அந்தத் தேதிக்கு முன் தாக்கல் செய்துவிடுங்கள்.